சிம் இல்லாத கைபேசியைக் கையடக்க நாட்குறிப்பாக மாற்றுவது எப்படி

பழைய கைபேசியிலிருந்து சிம் அட்டையை எடுத்துப் புதியதில் போட்டதும், பழையதற்கு இனி வேலை இல்லை என்று எண்ணி அதை இழுப்பறைக்குள் வைத்துவிடுகிறோம். ஆனால் சிம் போனதால் அந்தக் கருவி இழந்தவை தொலைபேசி அழைப்பு, குறுஞ்செய்தி, வெளியிடங்களில் இணையம் ஆகிய மூன்று மட்டுமே. நாட்காட்டி, முகவரிகள், செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியல், குறிப்புகள், அலாரம் ஆகியவற்றில் எதற்கும் தொலைபேசிச் சேவை தேவையில்லை. ஒருவருடைய அன்றாடத்தை ஒழுங்காக வைத்துக்கொள்ள இந்த ஐந்தும் போதும். இன்னும் சொல்லப்போனால், அழைப்பும் செய்தியும் வராத கருவியே இந்த வேலைக்கு மிகவும் ஏற்றது. சந்திப்பு எத்தனை மணிக்கு என்று பார்க்கக் கைபேசியைத் திறந்தவர், இடையில் வந்த ஒரு செய்திக்குப் பதில் எழுதிவிட்டு, பார்க்க வந்ததைப் பார்க்காமலேயே மூடி வைப்பது இதில் நேராது.

இப்படிப்பட்ட பயன்பாட்டுக்கென்றே ஒரு காலத்தில் தனிக் கருவிகள் இருந்தன. 1984-இல் சயான் நிறுவனத்தின் ஆர்கனைசரும், 1993-இல் ஆப்பிளின் நியூட்டனும், 1996-இல் பாம் பைலட்டும் வந்தன. பைலட்டை வடிவமைத்த ஜெஃப் ஹாக்கின்ஸ், கருவி உருவாவதற்கு முன்பே அதே அளவில் ஒரு மரக்கட்டையைச் செய்து சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தார். யாராவது சந்திக்க நேரம் கேட்டால், கட்டையை வெளியே எடுத்து அதில் குறிப்பதுபோல் செய்து பார்த்தார். எடுத்துக் குறித்துத் திரும்ப வைப்பது எளிதாக இருந்தால்தான் மனிதர்கள் அதைப் பயன்படுத்துவார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. முதல் பைலட்டின் நினைவகம் வெறும் 128 கிலோபைட். அதில் இணையமும் இல்லை, தொலைபேசியும் இல்லை. கணினியோடு இணைந்த தாங்கியில் அதை வைத்து ஒரு பொத்தானை அழுத்தினால் இரண்டிலும் உள்ள தகவல்கள் ஒன்றுபோல் ஆகிவிடும். அதன்பின் நாள் முழுவதும் அது தன்னிடம் உள்ளதைக் கொண்டே இயங்கும்.

சிம் இல்லாத கைபேசியை அமைக்கும்போது பின்பற்ற வேண்டிய முறையும் இதுவே. தகவல் எல்லாம் கருவிக்குள்ளேயே இருக்க வேண்டும். இணையம் நகல் எடுப்பதற்கு மட்டும் பயன்பட வேண்டும். கீழே சொல்லப்படும் ஒவ்வொரு படியும் இந்த ஒரு விதியிலிருந்து வருவதுதான்.

கருவியைத் தேர்ந்தெடுத்தல்

கையில் இருக்கும் பழைய ஆண்ட்ராய்டு கைபேசியோ ஐபோனோ போதும். 2007 முதல் 2022 வரை விற்பனையில் இருந்த ஐபாட் டச், தொடக்கத்திலிருந்தே சிம் இல்லாத கருவி என்பதால் இதற்கு நன்கு பொருந்தும். சிறிய டேப்லெட்டும் பயன்படும். ஆனால் சட்டைப்பையிலோ சிறு கைப்பையிலோ அடங்காத கருவி, நாளடைவில் வீட்டிலேயே தங்கிவிடும். திரையின் அழகைவிட இந்த அளவு முக்கியம் என்பது என் கருத்து.

முதலில் பார்க்க வேண்டியது பேட்டரியை. கருவியின் பின்மூடி சற்று மேலெழும்பியிருந்தாலோ, திரை ஓரத்தில் பிரிந்து நின்றாலோ, உள்ளே பேட்டரி உப்பியிருக்கிறது என்று பொருள். அதைச் சார்ஜில் போடாமல், பேட்டரியை மாற்றித் தருபவரிடம் கொண்டு செல்ல வேண்டும். பேட்டரி வெறுமனே தளர்ந்திருந்தால் கவலை இல்லை. தொலைபேசியாக அரை நாள்கூடத் தாங்காத கருவி, நாட்குறிப்பாக இரண்டு மூன்று நாள் தாங்குவதைக் காணலாம்.

அடுத்தது கணக்குப் பூட்டு. ஆண்ட்ராய்டு 5.1 முதலும், ஆப்பிள் கருவிகளில் 2013-இல் வந்த ஐஓஎஸ் 7 முதலும், கருவியை முழுமையாக அழித்த பிறகும் பழைய உரிமையாளரின் கணக்கும் கடவுச்சொல்லும் கேட்கப்படலாம். ஆகவே உறவினரோ நண்பரோ கொடுத்த கருவியானால், அழிப்பதற்கு முன்பே அவரைக் கொண்டு அவருடைய கணக்கிலிருந்து வெளியேறச் செய்ய வேண்டும். சில பழைய ஐபோன்கள் முழுமையாக அழிக்கப்பட்டபின் மீண்டும் இயங்கத் தொடங்கும் நேரத்தில் மட்டும் ஒரு சிம் அட்டையைக் கேட்கும். அந்தச் சில நிமிடங்களுக்கு வேறொரு சிம்மைப் பொருத்தி, வேலை முடிந்ததும் எடுத்துவிடலாம்.

சுத்தமான தொடக்கம்

பழைய செயலிகளை ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டிருப்பதைவிட, தேவையான படங்களையும் கோப்புகளையும் வேறிடத்தில் நகலெடுத்துவிட்டு, கருவியை ஆலை அமைப்புக்கு (வாங்கியபோது இருந்த வெற்று நிலைக்கு) மீட்டமைப்பதே நல்லது. பின்னர் திரைப்பூட்டை அமைத்து, விமானப் பயன்முறையை இயக்கி, அதற்குமேல் வைஃபையை மட்டும் தனியே இயக்கிக்கொள்ள வேண்டும். சிம் இல்லாவிட்டாலும் கைபேசியின் ரேடியோ சும்மா இருப்பதில்லை. அவசர அழைப்புக்காக அருகில் உள்ள கோபுரங்களைத் தேடிக்கொண்டே இருக்கும். வலுவற்ற சிக்னல் உள்ள இடத்தில் இந்தத் தேடலே பேட்டரியைக் கரைத்துவிடும். விமானப் பயன்முறை அதை நிறுத்துகிறது. சிம் இல்லாத கைபேசியிலிருந்து அவசர எண்ணை அழைக்கும் வசதி சில நாடுகளில் உண்டு, சில நாடுகளில் இல்லை. எனவே இந்தக் கருவியை அவசர உதவிக்கான வழியாக எண்ணிக்கொள்ள வேண்டாம்.

முகப்புத் திரையில் ஒரே ஒரு பக்கம் இருக்கட்டும். மேற்பாதியில் இன்றைய நிகழ்வுகளைக் காட்டும் விட்ஜெட், கீழ்ப்பாதியில் புதிய குறிப்பு எழுதும் பொத்தான், வேலைப் பட்டியல், முகவரிகள், கடிகாரம். விளையாட்டு, காணொளி, சமூக ஊடகம் எதையும் நிறுவ வேண்டாம். இதில் நான் கண்டிப்பாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு: ஒரே ஒரு பொழுதுபோக்குச் செயலி உள்ளே வந்தாலும், கருவியைத் திறக்கும்போது கை முதலில் அதை நோக்கித்தான் போகும்.

கடிகாரம்

பலரும் கவனிக்காமல் விடுவது இதைத்தான். சேவையில் இருக்கும் கைபேசிக்குச் சரியான நேரத்தையும் நேர மண்டலத்தையும் கோபுரமே சொல்லிவிடுகிறது. சேவை இல்லாத கருவி, வைஃபை கிடைக்கும்போது இணையத்திலிருந்து நேரத்தைப் பெறும். கிடைக்காதபோது தன்னுள் இருக்கும் குவார்ட்ஸ் படிகத்தை நம்பி ஓடும். அது நாளுக்கு ஓரிரு விநாடி முன்பின்னாகப் போகலாம். ஒரு வாரத்தில் அது பெரிதாகத் தெரியாது. மாதக்கணக்கில் இணையமே காணாத கருவியில் தெரியும். இதைவிடப் பெரிய சிக்கல், பேட்டரி முற்றிலும் தீர்ந்து பல நாள் கிடந்த கருவியில் வருகிறது. மீண்டும் இயக்கும்போது அதன் தேதியே பல ஆண்டுகள் பின்னால் போயிருக்கலாம். என் கருவியிலும் ஒருமுறை இப்படி நேர்ந்தது. தேதி மாறியதை அறியாமல் நான் பதிந்த நான்கு நினைவூட்டல்களில் ஒன்றுகூட ஒலிக்கவில்லை; மருத்துவப் பரிசோதனைக்கு என் தாயாரை அழைத்துச் செல்ல வேண்டிய நேரம் தவறிப்போனது. அன்றிலிருந்து, கருவியை அணைத்து இயக்கிய ஒவ்வொரு முறையும் முதலில் தேதியைப் பார்க்கிறேன்.

ஆகவே, தானியங்கி நேரத்தை இயக்கிவைத்து, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறையாவது வைஃபையில் இணைத்துவிட வேண்டும். நேர மண்டலத்தைக் கையால் தேர்ந்தெடுத்து வைப்பது பாதுகாப்பானது. வேறு நேர மண்டலத்துக்குப் பயணம் செய்தால் இறங்கியவுடன் அதை மாற்றிக்கொள்ளலாம். இரண்டடுக்குச் சரிபார்ப்புக்காக, அதாவது கடவுச்சொல்லோடு கூடுதலாகக் கேட்கப்படும் குறியீட்டுக்காக, 30 விநாடிக்கு ஒருமுறை மாறும் குறியீட்டைத் தரும் செயலியை இதில் வைத்திருப்பவர்களுக்குக் கடிகாரம் இன்னும் முக்கியமானது. அந்தக் குறியீடு இணையம் இல்லாமலே உருவாகும். ஆனால் நேரம் ஓரிரு நிமிடம் தவறினாலும் ஏற்கப்படாது.

ஐந்து செயலிகள்

ஆப்பிள் கருவியானால் அதனுடன் வரும் நாட்காட்டி, நினைவூட்டல்கள், குறிப்புகள் ஆகியவையே போதும். ஆண்ட்ராய்டில் தேர்வு அதிகம். தேர்வுக்கான விதி ஒன்றுதான்: கணக்கு எதுவும் தொடங்காமல், வைஃபை இல்லாத இடத்தில் செயலி திறக்க வேண்டும், எழுதுவதை ஏற்க வேண்டும், தேடினால் காட்ட வேண்டும். நாட்காட்டிக்கு ஃபாசிஃபை காலண்டர், வேலைப் பட்டியலுக்கு டாஸ்க்ஸ்.ஆர்க், குறிப்புகளுக்கு மார்க்கோர் ஆகியவை இந்த விதிக்கு உட்பட்டவை. மார்க்கோர் ஒவ்வொரு குறிப்பையும் சாதாரண உரைக்கோப்பாகச் சேமிக்கிறது. அந்தச் செயலியே நாளை இல்லாமற்போனாலும் கோப்பு எந்தக் கணினியிலும் திறக்கும் என்பதால் அதை நான் முதலாவதாகப் பரிந்துரைக்கிறேன். இதே காரணத்தால், நாட்காட்டியை ஐசிஎஸ் கோப்பாகவும் முகவரிகளை விசிஎஃப் கோப்பாகவும் வெளியே எடுக்க முடியாத செயலி எவ்வளவு அழகாக இருந்தாலும் அதைத் தவிர்க்க வேண்டும். ஐசிஎஸ் வடிவம் 1998-இல் பொதுத் தரமாக வகுக்கப்பட்டது. இன்றும் ஏறக்குறைய எல்லா நாட்காட்டிகளும் அதைப் படிக்கின்றன.

எதை எங்கே எழுதுவது என்பதில் தெளிவு வேண்டும். குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்ட நேரத்தில் நடந்தே தீர வேண்டியவை மட்டும் நாட்காட்டிக்குப் போக வேண்டும். எப்போது வேண்டுமானாலும் செய்யக்கூடிய வேலையை நாட்காட்டியில் போட்டால், அன்று செய்யாமல் விடுவோம். நாட்காட்டியில் எழுதியதெல்லாம் நடக்கும் என்ற நம்பிக்கை குறையும். பிறகு உண்மையான சந்திப்பையும் அதே கண்ணோடு பார்ப்போம். மற்ற வேலைகள் பட்டியலுக்குப் போகட்டும். அவற்றை வினையோடு எழுதுவது பயன் தரும். "காப்பீடு" என்று எழுதினால் அடுத்த வாரம் பார்க்கும்போது என்ன நினைத்து எழுதினோம் என்பது நினைவுக்கு வராது. "காப்பீட்டுப் படிவத்தில் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும்" என்று எழுதினால் படித்தவுடன் கை வேலையில் இறங்கும். எப்போதாவது வரும் காலாவதித் தேதிகளை, உதாரணமாகக் கடவுச்சீட்டு, ஓட்டுநர் உரிமம், காப்பீடு போன்றவற்றை, அந்த நாளில் பதியாமல் செயல்படக் கால அவகாசம் உள்ள நாளில் பதிய வேண்டும். கடவுச்சீட்டுக்கு ஆறு மாதம் முன்பாகவும், மற்றவற்றுக்கு ஒரு மாதம் முன்பாகவும் என்று நான் வைத்திருக்கிறேன்.

முகவரிகளைப் புதிய கைபேசியிலிருந்து விசிஎஃப் கோப்பாக எடுத்து, புளூடூத் வழியாகவோ கேபிள் வழியாகவோ இதில் ஏற்றிக்கொள்ளலாம். இதிலிருந்து யாரையும் அழைக்க முடியாதே என்று தோன்றும். ஆனால் புதிய கைபேசி தொலைந்த அல்லது சார்ஜ் தீர்ந்த நேரத்தில், பக்கத்தில் இருப்பவரின் கைபேசியை வாங்கி அழைப்பதற்கு எண் தெரிய வேண்டுமே. நம்மில் எத்தனை பேருக்கு வீட்டாரின் எண்கள் மனப்பாடமாக இருக்கின்றன? எண்ணோடு நின்றுவிடாமல், அவரை எங்கே சந்தித்தோம், கடைசியாக என்ன பேசினோம் என்பதையும் குறிப்புப் பகுதியில் ஒரு வரி எழுதிவைத்தால், அடுத்த சந்திப்பில் அந்த ஒரு வரி மிகவும் உதவும்.

தமிழில் எழுதுவோர் ஒரு பழக்கத்தைக் கைக்கொள்ள வேண்டும்: ஒரு பெயரை எப்போதும் ஒரே எழுத்துக்கூட்டலில் எழுதுவது. ஒருநாள் "ஸ்ரீனிவாசன்" என்றும் மறுநாள் "சீனிவாசன்" என்றும் எழுதினால், தேடலில் பாதிக் குறிப்புகள் மட்டுமே கிடைக்கும்.

நினைவூட்டல் உண்மையில் ஒலிக்குமா?

2015-இல் வந்த ஆண்ட்ராய்டு 6 முதல், அசையாமல் கிடக்கும் கைபேசி ஆழ்ந்த உறக்க நிலைக்குப் போய்விடும். அப்போது பல செயலிகளின் வேலைகள் ஒத்திவைக்கப்படும். மேசையில் கிடக்கும் நம் கருவிக்கு இது அடிக்கடி நேரும். கடிகாரச் செயலியின் அலாரத்தை இது தடுப்பதில்லை. வேலைப் பட்டியலின் நினைவூட்டல் தாமதமாகலாம். எனவே அமைப்புகளில் பேட்டரிப் பகுதிக்குச் சென்று, நாட்காட்டிக்கும் வேலைப் பட்டியலுக்கும் பேட்டரிக் கட்டுப்பாட்டிலிருந்து விலக்கு அளிக்க வேண்டும். ஆண்ட்ராய்டு 12 முதல், துல்லியமான நேரத்தில் ஒலிப்பதற்குத் தனி அனுமதியும் உண்டு. அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். அலாரத்தின் ஒலியளவும் அறிவிப்பின் ஒலியளவும் வேறு வேறு; ஒன்றைக் கூட்டினால் மற்றது கூடாது. கருவியை அணைத்து இயக்கியபின் ஒருமுறையாவது திரைப்பூட்டைத் திறக்க வேண்டும். திறக்கும்வரை நாட்காட்டித் தகவல்கள் குறியாக்கப்பட்ட நிலையிலேயே இருப்பதால் நினைவூட்டல் வராமற்போகும்.

இவற்றையெல்லாம் செய்துவிட்டு நம்பிக்கையோடு இருந்துவிடக் கூடாது, சோதிக்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்குப் பிந்திய நினைவூட்டல் ஒன்றை அமைத்து, சார்ஜரைக் கழற்றி, வைஃபையையும் அணைத்து, கருவியைத் தொடாமல் மேசையில் வைத்துவிடுங்கள். சரியான நிமிடத்தில் ஒலித்தால்தான் அதை நம்பலாம். மருந்து, பயணம் போன்ற தவறவே கூடாதவற்றுக்கு நினைவூட்டலோடு கடிகார அலாரத்தையும் சேர்த்து வைப்பது என் வழக்கம்.

குறிப்பது, பார்ப்பது

மனத்தில் தோன்றியதை உடனே எழுத ஒரே ஒரு இடம் இருக்க வேண்டும். "வரவு" என்ற பெயரில் ஒரு கோப்பைத் தொடங்கி, முகப்புத் திரையிலேயே அதைத் திறக்கும் பொத்தானை வைத்துக்கொள்ளலாம். எழுதும் நேரத்தில் இது சந்திப்பா, வேலையா, குறிப்பா என்று வகைப்படுத்த வேண்டாம். நடந்துகொண்டே, பேச்சுக்கு நடுவே, இரண்டு சொல்லில் எழுதினால் போதும். இரவில் ஐந்து நிமிடம் ஒதுக்கி, அந்தக் கோப்பில் உள்ளவற்றை உரிய இடத்துக்கு மாற்றிவிட்டுக் கோப்பைக் காலி செய்ய வேண்டும். வாரம் ஒருமுறை முழுப் பட்டியலையும் மேலிருந்து கீழாகப் படித்து, இனி செய்யப்போவதில்லை என்று தெரிந்தவற்றை மனம் இரங்காமல் நீக்க வேண்டும். வளர்ந்துகொண்டே போகும் பட்டியலைத் திறக்கவே கை கூசும். திறக்காத பட்டியல் எதற்கும் உதவாது.

நகலும் ஒத்திசைவும்

தொலைந்தாலோ உடைந்தாலோ இந்தக் கருவியில் உள்ளவை அதோடு போய்விடும். ஆகவே வாரத்தில் ஒரு நாள் நாட்காட்டி, முகவரி, குறிப்புகள், பட்டியல் ஆகிய நான்கையும் கோப்புகளாக வெளியே எடுத்துக் கணினியில் வைக்க வேண்டும். ஒருமுறையாவது அந்தக் கோப்புகளை வேறு கருவியில் ஏற்றித் திறந்து பார்க்க வேண்டும். மீட்டுப் பார்க்காத நகலை நகல் என்று நான் எண்ணுவதில்லை.

நாட்காட்டியைப் புதிய கைபேசியிலும் பார்க்க விரும்புவோர், கேல்டேவ் என்னும், நாட்காட்டியை இணையம் வழியாகப் பல கருவிகளில் பகிரும் பொதுமுறையில் இயங்கும் கணக்கு ஒன்றின் மூலம் இரண்டையும் ஒத்திசைக்கலாம். ஆண்ட்ராய்டில் இதற்கு டாவ்எக்ஸ்5 என்ற செயலி உதவுகிறது. வெளியில் இருக்கும்போது புதிய கைபேசியின் ஹாட்ஸ்பாட்டை ஓரிரு நிமிடம் இயக்கினால் ஒத்திசைவு முடிந்துவிடும். ஆனால் ஒரே பதிவை இரண்டு கருவிகளிலும் மாற்றினால் எந்த மாற்றம் நிற்கும் என்பது நம் கையில் இருக்காது. எழுதுவதும் திருத்துவதும் சிம் இல்லாத கருவியில் மட்டும், மற்றதில் பார்ப்பது மட்டும் என்று வைத்துக்கொண்டால் குழப்பம் வராது.

பாதுகாப்பு

பழைய கருவிக்குப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் பெரும்பாலும் நின்றுபோயிருக்கும். எனவே வங்கிச் செயலி, மின்னஞ்சல், இணைய உலாவல் எதற்கும் இதைப் பயன்படுத்தக் கூடாது. ஆண்ட்ராய்டு 7.1.1-க்கு முந்திய கருவிகளில் இணையதளம் உண்மையானதா என்று சரிபார்க்க உதவும் நம்பகச் சான்றிதழ்களும் பழையவை என்பதால் பல தளங்கள் திறக்கவும் மறுக்கும். கடவுச்சொற்களைச் சாதாரணக் குறிப்பில் எழுதாமல் கீபாஸ்-டிஎக்ஸ் போன்ற குறியாக்கப்பட்ட பெட்டகத்தில் வைக்க வேண்டும். தொலைந்தால் இணையம் இல்லாத கருவியைத் தொலைவிலிருந்து அழிக்க வழியில்லை. திரைப்பூட்டு ஒன்றே காவல். ஆண்ட்ராய்டில் பூட்டுத் திரையில் ஒரு செய்தி எழுதும் வசதி உண்டு. கண்டெடுத்தவர் தொடர்புகொள்ள ஓர் எண்ணை அங்கே எழுதிவைக்கலாம்.

கூடுதலாகச் சில

ஜிபிஎஸ் உள்ள கருவியானால் ஆர்கானிக் மேப்ஸில் வரைபடத்தை முன்கூட்டியே இறக்கிக்கொண்டு இணையம் இன்றி வழி பார்க்கலாம். ஜிபிஎஸ் செயற்கைக்கோளின் சிக்னலைப் பெற மட்டுமே செய்கிறது. அதற்கு சிம் வேண்டாம். இணையத்தின் துணை இல்லாததால் முதல்முறை இடத்தைக் கண்டுபிடிக்கச் சில நிமிடங்கள் ஆகலாம். திறந்த வெளியில் பொறுமையாக நிற்க வேண்டும். ஐபாட் டச்சிலும், வைஃபை மட்டும் உள்ள ஐபேடிலும் ஜிபிஎஸ் இல்லை. கீவிக்ஸ் என்னும் செயலியில் விக்கிப்பீடியாவையும் இறக்கி வைத்துக்கொள்ளலாம். பயணச்சீட்டு, சான்றிதழ் ஆகியவற்றின் பிடிஎஃப் நகல்களுக்கும் இடம் இருக்கும்.

பேட்டரியை எப்போதும் சார்ஜரிலேயே விட்டுவைப்பதும், முற்றிலும் தீரவிடுவதும் அதன் ஆயுளைக் குறைக்கும். 20 விழுக்காட்டுக்கும் 80 விழுக்காட்டுக்கும் இடையில் வைத்திருப்பது நல்லது. வெயில் படும் இடத்தில் வைக்கக் கூடாது.

எல்லாம் அமைந்தபின், ஒரு நாள் முழுவதும் வைஃபையையும் அணைத்துவிட்டு இந்தக் கருவியோடு மட்டும் வெளியே சென்று வாருங்கள். எந்தத் தகவலுக்காகவெல்லாம் புதிய கைபேசியைத் தேட வேண்டியிருந்தது என்பதை "வரவு" கோப்பில் எழுதிக்கொண்டே வாருங்கள். அன்றிரவு, அந்தப் பட்டியலில் உள்ளவற்றை ஒவ்வொன்றாக இதற்குள் ஏற்றிவிட்டு, அடுத்த வாரம் இன்னொரு நாள் அதையே திரும்பச் செய்து பாருங்கள்.